வால்பட்டை கட்டாத பட்டாளத்துக்காரன்

என் தங்கச்சியைப் பெண் கேட்டு வந்த ராசிங்காபுரத்து ஆள் பட்டாளத்துக்காரன். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை வரும் என்று பேச்சு வந்தபோதே யாரும் கூப்பிடாமல் தானே போய்ச் சேர்ந்தானாம். கோவேறு கழுதையில் குண்டுப் பெட்டி ஏற்றிப் பனிமலை உச்சிவரைக்கும் கொண்டுபோனானாம். முழங்காலில் அடிபட்டதால் நாலைந்து வருஷத்தில் அனுப்பிவிட்டார்கள். கையில் முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகம் இருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. போடியில் ஒரு குமாஸ்தாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். சண்டைக் காலத்தில் கழுதைப் பிரிவில் வேலை, நன்னடத்தை என்று எழுதியிருந்தது. அப்பா அதிலேயே மயங்கிவிட்டார்.

எனக்கு அவன்மேல் சந்தேகம். நானும் பொதி ஏற்றிப் பிழைக்கிறவன். குரங்கணியிலிருந்து எஸ்டேட்டுக்கு அரிசி பருப்பை மட்டக்குதிரையில் ஏற்றிப் போவேன், ஏலக்காய் மூட்டையோடு இறங்குவேன். அந்தப் பாதையில் நடந்த எவனும் சறுக்கி விழுந்ததைத்தான் முதலில் பேசுவான். இவன் கதையில் ஒரு கழுதைகூடச் சறுக்கவில்லை.

நான் சம்மதிக்காததால், என்னைச் சரிக்கட்ட ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்கே ஏறி வந்தான்.

"என்ன மச்சான், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?"

"மச்சான்னு கூப்பிட இன்னும் நாளு கெடக்கு. இப்பக் கீழ எறங்கணும். அந்தச் செவலைக் குதிரைக்கு நீங்க பொதி கட்டுங்க. பட்டாளத்துக் கட்டப் பாப்போம்."

மூட்டைகளை ஏற்றினான், வயிற்றுப் பட்டையை இறுக்கினான். அதுவரை சரி. இறக்கத்தில் போகிற குதிரைக்கு வாலுக்கு அடியில் கொடுத்து இன்னொரு பட்டையைப் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பொதி கழுத்துக்கு வந்துவிடும். அந்த வால்பட்டை அவன் காலடியில்தான் கிடந்தது. அதைத் தாண்டிப் போய்க் கயிற்றைப் பிடித்தான். அப்படியே இறக்கத்தில் ஓட்டச் சொன்னேன். முதல் வளைவிலேயே மூட்டை இரண்டும் முன்னால் சரிந்தன. குதிரை காலை ஊன்றி நின்றுவிட்டது.

"பட்டாளத்துல வேற மாதிரி கட்டுவோம்" என்றான்.

"ஒங்க பட்டாளத்து மலையில எறக்கமே கெடையாதோ?"

நானே அவிழ்த்துக் கட்டினேன்.

வீட்டில் சொன்னேன். "சர்க்கார் முத்திரையவிட ஒன் குதிரை பெருசாடா?" என்றார் அப்பா. தங்கச்சி கேட்டுக்கொண்டு இருந்தாள்.

நிச்சயத்தன்று தட்டு மாற்றப் போகிற நேரத்தில் அவளே சபைக்கு வந்து நின்றாள்.

"ஒங்களுக்குப் பொதி கட்டத் தெரியலன்னு அண்ணன் சொல்லுது. மலைக்குப் போனீகளா, போகலியா? சொல்லிட்டுத் தட்ட மாத்துங்க."

"ஏத்தா, இது என்ன கோர்ட்டா?" என்று அவன் அம்மா எழுந்தாள். அவன் அம்மாவை உட்காரச் சொன்னான்.

"போகல. லாயத்துல சாணி அள்ளுனேன், புல்லு அறுத்தேன். சண்டையிலயும் சரி, பெறகும் சரி, அதான் சோலி."

"சாணிய நானுந்தான் அள்ளுறேன், அதுல என்னடா கேவலம்? எதுக்குப் பொய் சொன்ன?" என்று கத்தினேன்.

"நெசத்தச் சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

அப்பா தரையைப் பார்த்தார். தங்கச்சி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நெசத்தச் சொல்லிட்டாகல்ல, தட்ட மாத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணம் நடந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. சபையில் வைத்து நெருக்கியதால் வந்த உண்மை அது. நெருக்காத இடத்தில் என்ன சொல்லுவானோ? அதனால் அவர்கள் வீட்டுக்குப் போனால் அவன் பேசும்போது அவனைப் பார்க்க மாட்டேன், தங்கச்சி முகத்தைத்தான் பார்ப்பேன்; அவன் சொல்வது நிஜமா பொய்யா என்று அங்கேதான் தெரியும். எண்பதாம் வருஷத்துக்குப் பிறகு ஒருநாள், தனக்கு வாட்ச்மேன் வேலை உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் சேர வேண்டியதுதான் என்றான். அவள் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.