மாமனாரின் கஷாயத்தில் நான் கலந்தது

என் மாமனாருக்குச் சளி பிடித்தால் அது எங்கள் தெருவுக்கே தெரியும். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் முப்பது வருஷம் வேர்க்கடலை மூட்டை எடை போட்டவர். லாரி சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. தும்மலும் அதே அளவில்தான் வரும். அவர் ஒருமுறை தும்மினால் எதிர்வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நான் அடுப்படியை விட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறேன்.

தும்மலையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதோடு வரும் பிரசங்கம்தான் தாங்காது. தன் ஆயுளில் ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை என்பது அவருடைய பெருமை. நிலம் நீச்சு என்று பெரிதாக எதையும் சேர்க்காத மனிதர், இந்த ஒன்றைத்தான் சேர்த்து வைத்திருந்தார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சட்டைப் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்தால் போதும், தன் வயதைச் சொல்லி, தன் பல்லைக் காட்டி, ஆரம்பித்துவிடுவார். அந்த மனிதர் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிடுவார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் அவருக்குச் சளி பிடித்தது. உடனே வீடு வைத்தியசாலை ஆனது. முதலில் ஆவி. வாய்க்கால் ஓரத்தில் ஒடித்து வந்த நொச்சி இலையைக் குண்டானில் கொதிக்கவிட்டு, போர்வைக்குள் புகுந்து, உள்ளேயிருந்தே எங்களுக்கு உத்தரவு போடுவார். அடுத்தது மஞ்சள் கிழங்கைச் சுட்டு அந்தப் புகையை மூக்கில் இழுப்பது. அன்று வீட்டில் சமைத்த எல்லாமே கருகின மாதிரியே இருந்தது. பிறகு தூதுவளை ரசம். என் அம்மா வீடு விழுப்புரத்தை அடுத்த கோலியனூர் பக்கம். விஷயம் தெரிந்ததும் அங்கிருந்து ஒரு தூக்கு நிறைய வயல் நண்டு வந்தது. அந்த நண்டு ரசத்தை மட்டும் மூன்று தட்டு சோற்றோடு சாப்பிட்டுவிட்டு, சம்பந்தி வீட்டு வைத்தியத்தில் விஷயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்.

இதெல்லாம் ஓரத்தில் நடந்தது. நடுநாயகம் கஷாயம்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஆடாதோடை, துளசி, கற்பூரவல்லி எல்லாவற்றையும் போட்டு, நாலு டம்ளர் ஒரு டம்ளராகும்வரை சுண்டவிடுவார்கள். காய்ச்சுவது மாமியார். ஆற்றி எடுத்துப்போய்க் கொடுப்பது நான். வேளைக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு மூன்று. பத்து நாள் இப்படிப் போனது. சளிக்கு இந்த உபசாரம் ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, அது கிளம்புகிற வழியாகவே இல்லை.

பத்தாம் நாள் எனக்கும் தொற்றியது. நான் வேலைக்குப் போகிறவள், போர்வைக்குள் உட்கார நேரமில்லை. மெடிக்கலில் போய், சளிக்கு ஒரு செட்டு என்றேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். எது எதற்கு என்று அவர்களும் சொல்லமாட்டார்கள், நாமும் கேட்கமாட்டோம். வெள்ளையைக் காலையில், மஞ்சளை ராத்திரியில் என்று நிறம் பார்த்துச் சாப்பிட வேண்டியதுதான். இரண்டே நாளில் எனக்கு மூக்கு தெளிந்துவிட்டது.

அந்தக் கவரை மாமனார் பார்த்துவிட்டார். நம் வீட்டுக்குள் விஷம் வந்துவிட்டது என்று ஆரம்பித்து, என் தலைமுறையின் ஈரல், கிட்னி, கண் என்று ஒவ்வொன்றாக எடுத்து எடை போட்டார். பேச்சின் நடுவே ஏழு தும்மல். ஏழாவது தும்மலில் நான் முடிவு செய்தேன். அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் பாசத்தில் செய்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எரிச்சலில்தான் செய்தேன். மாமியார் பேப்பரில் ராசிபலன் தவிர எதையும் படிப்பதில்லை, அந்தத் தைரியத்தில் இதைச் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் இன்னும் நாலு செட்டு வாங்கினேன். கரண்டியின் அடியால் நுணுக்கிக் கஷாயத்தில் கலக்கினேன். அந்தக் கஷாயத்தின் நிறத்துக்கும் கசப்புக்கும் உள்ளே பல்லி விழுந்திருந்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து, இன்றைக்குத்தான் பதம் சரியாக வந்திருக்கிறது என்று மாமியாரைப் பாராட்டினார். மாமியாருக்கு அன்று கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள் மூக்கு ஒழுகுவது நின்றது. அதன் பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார், தெருவில் இருமியவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் பாட்டிலோடு வந்தார்கள். மாமியார் கஷாயத்தைக் குண்டானில் காய்ச்ச ஆரம்பித்தார். நான் உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு, ஆரம்பித்ததைப் பாதியில் விடக்கூடாது என்று மிச்சமிருந்த மாத்திரைகளையும் ஒழுங்காகக் கலந்து கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் அவர் உட்காரவில்லை. வாசலுக்கும் பாத்ரூமுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பாத்ரூமுக்குள் போனால் நெடுநேரம் சத்தமே இருக்காது. பிறகு வாடின முகத்தோடு வெளியே வருவார். கேட்டால் வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார். மாமியார் வாயுப் பிடிப்பு என்று ஒரு சொம்பு ஓமத் தண்ணீர் கொடுத்தார். என் கணவர் உடம்புச் சூடு என்று இரண்டு இளநீர் வாங்கி வந்தார். கஷாயம் உள்ளுக்குள் வேலை செய்கிறது என்று மாமியார் மேற்கொண்டு ஒரு டம்ளர் கஷாயமும் கொடுத்தார். கொடுத்ததையெல்லாம் அவர் குடித்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

ஒன்பது மணி இருக்கும். மாமியார் பால் வாங்கப் போயிருந்தார், கணவர் குளித்துக்கொண்டிருந்தார். மாமனார் அடுப்படி வாசலில் வந்து நின்றார். வேட்டியின் மேல் முட்டிய வயிற்றை அப்போதுதான் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஏம்மா, யார்கிட்டயும் சொல்லாத. நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒன்னுக்கு வரல."

நான் அடுப்பை அணைத்தேன். மகனிடம் சொன்னால் கத்துவான், மனைவியிடம் சொன்னால் தெருவுக்குச் சொல்லிவிடுவாள் என்று யோசித்து, இதைப் பேசவே கூச்சப்பட வேண்டிய மருமகளிடம் வந்து சொல்கிறார். வழக்கமாகப் போகாத எதுவோ அவர் உடம்புக்குள் போயிருக்கிறது. அது என்ன என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் என் கையால்தான் ஆயிற்று என்று நினைத்தேன். வாய் திறந்து சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

ஒன்னுக்கு வராததை மட்டும் கணவரிடம் சொல்லிவிட்டேன், வேறு வழியில்லை. ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வரமாட்டேன் என்று மாமனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அங்கே நர்ஸாக இருக்கிற பெண் எங்கள் தெருப் பெண், அவரைத் தாத்தா என்று கூப்பிடுகிறவள். அவள் எதிரில் வேட்டியை அவிழ்ப்பதற்குச் செத்துப்போகலாம் என்றார். தன்னை யாருக்கும் தெரியாத ஊருக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கெஞ்சினோம், அதட்டினோம், நகரவில்லை. கடைசியில் கணவரின் சிநேகிதர் காரை வாங்கிக்கொண்டு விழுப்புரத்துக்குக் கிளம்பினோம். மாமியாருக்குக் கார் ஏறினால் வாந்தி வரும், அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அந்த ரோட்டில் நான் நூறு தடவை போயிருக்கிறேன். அதில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் மாமனார் ஒரு சாமியைக் கூப்பிட்டார். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் குலதெய்வத்தையும் குலதெய்வத்தின் சொந்தபந்தங்களையும் கூப்பிட்டு முடித்திருந்தார். டோல்கேட் வரிசையில் நின்றபோது யாரையும் கூப்பிடவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முன் சீட்டைப் பிடித்திருந்தார். எனக்கு அந்தக் கத்தலே தேவலை என்று இருந்தது.

யாருக்கும் தெரியாத அந்த விழுப்புரம் ஆஸ்பத்திரியில், டியூபோடு வந்த ஆண் நர்ஸ் அவரைப் பார்த்ததும் நின்றார். ஐயா மல்லாட்டை மண்டியில் இருந்தவர்தானே, என் அப்பாவோடு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேனே என்று அன்பாக விசாரித்தார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். என்னை வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்தார்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகு உள்ளே போனபோது கட்டிலுக்குக் கீழே பை நிறைந்துகொண்டிருந்தது. மாமனார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

டாக்டர் அம்மா வந்தார், என்னைவிடச் சின்ன வயது. கணவர் கீழே கவுன்டரில் ஃபைல் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வயதில் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி பலருக்கும் வீங்கியிருக்கும், ஆனால் திடீரென்று அடைத்துக்கொள்ள ஏதாவது காரணம் இருக்கும் என்றார். ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து போவார் என்று கேட்டார். நாலு தடவை, ஒரு வருஷமாக, என்றார் மாமனார். எங்களில் யாரும் அதை அவரிடம் கேட்டதில்லை. பிறகு டாக்டர், சமீபத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

மாமனார் படுத்தபடியே தலையை நிமிர்த்தினார். டியூபும் பையுமாகக் கிடக்கும்போதும் அந்தக் குரலில் பெருமை வந்துவிட்டது. ஆயுளில் ஒரு மாத்திரை தொட்டதில்லை, சளிக்குக்கூட வெறும் கஷாயம்தான் என்றார்.

டாக்டர் அதை எழுதப் போனார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக எழுதினால் வைத்தியமும் தப்பாகப் போகுமே என்ற பயம்தான் என் வாயைத் திறந்தது.

"நான்தான் டாக்டர். சளி மாத்திரையை நுணுக்கி இவருக்குத் தெரியாம கஷாயத்துல கலந்து குடுத்தேன். நாலு நாளு."

டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைத் திட்டினார். மூக்கைக் காயவைக்கிற அந்த மாத்திரைகளில் சில, இவர் மாதிரி இருக்கிறவர்களுக்கு மூத்திரத்தையும் நிறுத்திவிடும். கேட்காமல், தெரியாமல் ஒரு வயசான மனிதருக்கு மருந்து கொடுக்க நீ யார் என்று கேட்டார். இன்னும் தாமதித்திருந்தால் கிட்னிக்குப் போயிருக்கும் என்றார். அத்தனையும் நியாயம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த கஷாயம் தன்னைக் குணப்படுத்தவில்லை என்பதும், அவர் சேர்த்து வைத்திருந்த ஒரே பெருமையை நான் நாலு நாளில் கரைத்துவிட்டேன் என்பதும் அவருக்குப் புரிய அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

அதற்குள் கணவர் ஃபைலோடு வந்தார். எதனால் இப்படி ஆயிற்றாம் என்று கேட்டார்.

"நான்தான்டா," என்றார் மாமனார். "பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல சளிக்கு செட்டு வாங்கிப் போட்டுக்கினேன். யாருக்கும் சொல்லல."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனார். கணவர் கத்த ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் உபதேசம், தான் மட்டும் திருட்டுத்தனமாக மாத்திரையா என்று ஆரம்பித்து, அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டும் சொன்னார். நான் குறுக்கே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மாத்திரை கலந்ததைவிட, அன்று வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டியூபை எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு மாமியார் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். நலம் விசாரிக்க யார் வந்தாலும் முதலில் இந்தக் கதைதான். நான் கண்ணில் ரத்தம் வரக் காய்ச்சினேன், இந்த மனிதர் பஸ் ஸ்டாண்டில் மாத்திரை வாங்கித் தின்றார், கஷாயத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தார் என்பார். பாட்டிலோடு வந்தவர்கள் இப்போது கேலி பேசிவிட்டுப் போனார்கள். அத்தனை பெரிய குரல்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு மத்தியானம் அவர் தனியாக இருக்கும்போது போய், மாமா, இன்றைக்கு எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"நீ சும்மா இரும்மா. உன்னியச் சொன்னா, நீ கெழவியாகற வரிக்கும் சொல்லிக்கினே இருப்பாங்க. என்னிய இன்னும் எத்தினி நாளைக்குச் சொல்லிடப் போறாங்க."

நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நேற்றுகூட மாமியார் யாரோ ஒருவருக்குச் சொன்னார், இவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லட்டும். இன்னும் இருபது வருஷம் அவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு சொல்லட்டும்.