யூ.பி.எஸ். வந்த மறுநாள்

காக்களூர் தொழிற்பேட்டையில் வால்வு வார்க்கும் சின்ன கம்பெனி ஒன்று. அதில் ஆறு வருடமாக பேக்கிங்கில் நின்றுகொண்டு வேலை பார்ப்பவள் ஏஞ்சலின். நின்றுகொண்டு என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்துபோகும் நேரத்தில் போனில் வீடியோ பார்த்தே வெப்சைட் செய்ய உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். யாரும் நம்பவில்லை. முதலாளி சந்திரமோகன் மட்டும் பாதி நம்பினார்.

“கேட்டுக்கு ஒரு புரோகிராம் போடு. இன்னிக்கு யாருக்கு டியூட்டின்னு செக்யூரிட்டி அதுல பாத்து உள்ள வுடணும். ஒரு மாசம் தகராறு இல்லாம ஓடுச்சுனா ஆபீஸ்ல உனக்கு சேர். இல்லனா பேக்கிங்குதான்” என்றார்.

ஏஞ்சலினுக்கு அந்தச் சேர் வேண்டும். சாயங்காலம் வீங்கிப்போகும் கணுக்காலைப் பார்க்கும்போதெல்லாம் வேண்டும்.

டியூட்டி, விசிட்டர், கேன்டீன் என்று மூன்று பட்டியலுக்கும் முதலில் தனித்தனி ஃபங்ஷனாக, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை வரிகளாக எழுதினாள். மூன்றிலும் பாதி வரிகள் ஒன்றேதான். பிறகுதான் கிளாஸ் வைத்து எழுதும் முறை கண்ணில் பட்டது. பொதுவானதைத் தாய் கிளாஸில் ஒரே தடவை எழுதினால் போதும். மற்ற பக்கங்கள் அதை வாங்கிக்கொண்டு, தங்களுக்கென்று இரண்டு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளும். அட, இது தெரியாமலா இத்தனை நாள் மாரடித்தோம் என்று எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். நூற்றுச் சொச்சம் வரி நாற்பதாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பெருமையைக் காட்ட வேறு ஆளில்லாமல், பக்கத்து மேஜையில் டேப் ஒட்டும் கன்னியம்மாவிடம் காட்டினாள்.

“இன்னாவோ எறும்பு ஊர்ற மாரி கீது. சோறு துன்னியா நீ?” என்றாள் கன்னியம்மா.

இருபத்துமூன்று நாள் ஒரு குறையும் இல்லை. தினமும் காலை ஐந்தரைக்கு உலோகம் உருக்கும் ஃபர்னஸைப் போடும்போது ஆபீஸ் லைன் ஒரு தடவை ட்ரிப் ஆகி, கரண்ட் போய் வரும். புரோகிராம் ஓடும் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும். புரோகிராமும் கூடவே புதிதாகக் கிளம்பிவிடும். சந்திரமோகன் இருந்த குஷியில், “பாவம், தெனம் செத்துப் பொழைக்குது” என்று கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குப்புராஜிடமிருந்து, கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை அணையவிடாத யூ.பி.எஸ். பெட்டி ஒன்று வாங்கி வைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு கேட்டில் ரகளை. திரையில் நேற்றைய பட்டியல் நின்றுகொண்டிருந்தது. நேற்று லீவில் இருந்த பன்னிரண்டு பேருக்கு அதில் பெயர் இல்லை. கன்னியம்மாவும் அவர்களில் ஒருத்தி.

“லிஸ்ட்ல பேரு இல்ல. உள்ள வுட்டா என் சீட்டு கிழிஞ்சிடும்” என்றார் செக்யூரிட்டி அந்தோணி.

“யோவ், ஆறு வருசமா உன் எதுருலதான போய் வந்துகினு கீறேன்? என் மூஞ்சி தெரியலியா உனுக்கு?” என்று கத்தினாள் கன்னியம்மா.

கேன்டீனிலும் நேற்றைய தலைக்கணக்குக்குத்தான் இட்லி. பன்னிரண்டு பேருக்கு நாஷ்டா இல்லை. கடைசியில் அந்தோணி எரிச்சலில் யூ.பி.எஸ். வயரைப் பிடுங்கிவிட்டு கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் போட்டார். இன்றைய பட்டியல் வந்துவிட்டது.

சந்திரமோகனுக்கு அது போதும். குப்புராஜுக்குப் போன் போட்டார். “வெளங்காத பொட்டிய என் தலையில கட்டிட்ட இல்ல? வந்து தூக்கினு போய்யா!”

ஏஞ்சலின் தான் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்தாள். ‘இன்றைய தேதி’ என்ற வரியைத் தாய் கிளாஸின் உச்சியில் எழுதியிருந்தாள். அந்த இடத்து வரியைக் கம்ப்யூட்டர், புரோகிராம் கிளம்பும்போது ஒரே தடவைதான் படிக்கும். ஆள் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஓடுகிற மெத்தடுக்குள் அல்லவா அது இருக்க வேண்டும்! தாயின் தப்பை மூன்று பக்கங்களும் அப்படியே வாங்கிக்கொண்டிருந்தன. தினமும் கரண்ட் போய்ப் போய்த்தான் இவள் மானம் தப்பியிருக்கிறது.

இரண்டே நிமிடத்தில் அந்த வரியைக் கீழே இறக்கிவிட்டாள். இனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இன்னும் ஏழு நாள், சேர் அவளுக்கு.

குப்புராஜ் வந்து வாசலில் நின்றார். “சார், பொட்டி நல்லாத்தான் கீது. பிரிச்சத திருப்பி எடுத்துகினா கம்பெனியில வாங்க மாட்டான் சார். நான் இன்னா பண்ணுவேன்?” என்றார். பெரிய மனிதர், குரல் நடுங்கியது. ஏஞ்சலினுக்குக் கேட்கப் பொறுக்கவில்லை.

“சார், பொட்டில தப்பு இல்ல. நான் எழுதுனதுல தப்பு. இப்ப சரி பண்ணிட்டேன்.”

“அப்ப இத்தினி நாளு எப்டி ஓடுச்சு?”

“கரண்ட்டு போனதால ஓடுச்சு சார்.”

சந்திரமோகன் குப்புராஜைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். “போ. பேக்கிங்குக்குப் போ” என்றார். குப்புராஜ் யூ.பி.எஸ். பெட்டியை மறுபடி மாட்டிவிட்டுப் போனார்.

“வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா? நல்லா நில்லு இனிமே” என்று கன்னியம்மா அன்று முழுக்கத் திட்டினாள். ஏஞ்சலினுக்கு அழுகையாக வந்தது. டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினாள்.

மறுநாள் ஐந்தரைக்கு லைன் ட்ரிப் ஆனது. யூ.பி.எஸ். இரண்டு தடவை கத்தியது; திரை அணையவில்லை. அன்றைய பட்டியலைத்தான் காட்டியது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

மாதம் முடிந்த அன்று சந்திரமோகன் பேக்கிங் பக்கம் வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், “லீவு லெட்டரையும் அதுலயே போட முடியுமா?” என்றார்.

“முடியும் சார். தாய் கிளாஸ் இருக்குது. ரெண்டு வரி சேத்தா போதும்.”

“எவ்ளோ நேரம் ஆவும்?”

ஏஞ்சலின் வாயைத் திறக்குமுன் கன்னியம்மா அவள் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள். “அவ ஒக்காந்துகினுதான் எழுதுவா. சேரு எங்க சார்?” என்றாள்.