சொல்லாமல் அனுப்பிய வருத்தம்

சண்டை நின்ற சமாதானக் காலத்தில், வவுனியாவுக்குப் பாதை திறந்ததும் எங்கள் ஊரிலிருந்து சிலர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனார்கள். என் கணவரும் போனார். இரண்டு வருட ஒப்பந்தம். ஆனால் ஒரு வருடம் முடிந்த கையோடு, ஒரு மத்தியானம், முரசுமோட்டைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி ஒரேயொரு பையுடன் வீட்டுக்கு நடந்து வந்தார்.

"என்ன, லீவோ?" என்றேன்.

"இல்லை. அனுப்பிப்போட்டாங்கள்."

"ஏன்?"

"தெரியாது. விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தாங்கள். பிறகு என்னை மட்டும் ஒரு அறையில தனிய வைச்சிருந்தாங்கள். மெடிக்கல் சரியில்லை எண்டாங்கள். என்ன வருத்தமெண்டு கேட்டன், ஒருத்தரும் சொல்லேல்லை. நேர பிளேன் ஏத்திவிட்டாங்கள்."

அவரை மேலும் கீழும் பார்த்தேன். மெலிவில்லை, இருமலில்லை. அன்று இரண்டாம் முறையும் சோறு கேட்டுச் சாப்பிட்டார். மறுகிழமையே வயலில் இறங்கி வரம்பு கட்டினார். ஊரார் கேட்டபோது, முதலாளியோடு வாய்த்தர்க்கப்பட்டுக் கொளுவிப்போட்டார் என்றேன். அதுதான் உண்மையோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அறுவடை முடிந்ததும், திரும்பவும் வெளிநாடு போகவென்று வவுனியாவில் மெடிக்கல் சோதனை செய்தார். ரத்தம் சோதித்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். தனியே போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் ஒரு பெண். முதலில் அவரை மட்டும் கூப்பிட்டுக் கதைத்தா. நெடுநேரம் கழித்து அவரே கதவைத் திறந்து, "நீயும் வா" என்றார். முகம் வெளிறியிருந்தது.

"இவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருக்கு" என்றா டொக்டர்.

"எயிட்ஸோ?"

"இல்லையம்மா. இன்னும் அந்த நிலைக்கு வரேல்லை."

"அப்ப மருந்து தாங்கோவன்."

"இப்ப வேண்டாம். உடம்பில எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்கு. அது குறைஞ்சாத்தான் தொடங்குவம். ஒழுங்கா வந்து ரத்தம் சோதியுங்கோ."

வருத்தம் இருக்கிறது, மருந்து வேண்டாமாம். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். அடுத்தமுறை போனபோது, "உங்களுக்கு இல்லை. ஆனா மூண்டு மாசத்தால திரும்பப் பாக்கவேணும்" என்றா. இல்லையென்றால் ஏன் திரும்ப? தொற்றினாலும் ரத்தத்தில் தெரிய நாள் எடுக்குமாம் என்று அதையும் விளங்கப்படுத்தினா. பஸ்ஸில் ஏறும்போது பாதி மறந்துபோனது.

வீட்டில் அவர் தான் சாப்பிடும் கோப்பையையும் தேத்தண்ணி குடிக்கும் பேணியையும் புறம்பாக வைத்தார். சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது என்று டொக்டர் சொன்னாவே என்று எடுத்து மற்றவற்றோடு வைத்தேன். மறுநாள் அவற்றைக் கழுவும்போது என் கை தானாகவே இன்னுமொருமுறை சவர்க்காரம் போட்டது.

ஒருநாள் வேலி கட்டிக்கொண்டிருந்தவர், "அங்க ஒருக்கா..." என்று தொடங்கினார்.

"சொல்ல வேண்டாம்" என்றேன். சற்று நேரத்தில், சொல்ல விட்டிருக்கலாமே என்று பட்டது.

"என்னை விட்டிட்டுக் கொம்மா வீட்ட போகப்போறியோ?" என்று கேட்டார்.

"தெரியாது."

உண்மையாகவே தெரியாது. காலையில் போகத் தோன்றும். மத்தியானம் அவருக்குச் சோறு கட்டிக்கொண்டு வயலுக்குப் போவேன்.

இரண்டாம் சோதனையிலும் எனக்கு இல்லை என்று வந்தது. அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை மூடப்போகிறது என்ற கதை வந்தபோது, "கிளினிக்குக்குக் கிட்ட இருப்பம்" என்று நான்தான் சொன்னேன். வவுனியாவுக்கு மாறினோம். அங்கேதான், இரண்டு வருடம் கழித்து, அவருக்குக் குளிசை தொடங்கினார்கள். மருந்து வந்துவிட்டது என்று சந்தோசப்படுவதா, எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று பயப்படுவதா என்று தெரியாமல், தண்ணீர் வார்த்து அவர் கையில் கொடுத்தேன்.