உடுப்பு மட்டும் வைத்த பெட்டி

2008-ஆம் வருடக் கடைசியில் என் வீட்டுக்காரர் தேவராஜ் போன சரக்குத் தோணி திரும்பி வரவில்லை. இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்த நேரம் அது. தூத்துக்குடியில் வெங்காயமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனார்கள். நடுக்கடலில் வெடிச் சத்தம் கேட்டதாகப் பின்னால் வந்த தோணிக்காரர்கள் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் மூட்டைகள்தான் மிதந்ததாம். யாரும் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்று முதலாளி போனிலேயே முடித்துவிட்டார்.

என் பேர் ஸ்டெல்லா. கடலூர் முதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஊருக்கே தெரியும். ஆண்டவரிடமும் சண்டைதான் போட்டேன். "என் மனுசனக் குடு, இல்ல என்னயும் எடுத்துக்க" என்று கத்தினேன். சோறு இறங்கவில்லை. தையல் மிஷினைத் தொடவே பிடிக்கவில்லை.

அப்புறம் ஒன்று நடக்க ஆரம்பித்தது. உச்சி வெயில் நேரத்தில் வீட்டுக்குள் டீசல் வாசம் வரும். தோணியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் அவர் மேல் அடிக்குமே, அதே வாசம். பக்கத்து வீட்டாரும் மோந்தார்கள். கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். நாத்தனார் மேரி, அண்ணனுடைய ஆவி அலைகிறது, அடக்கம் செய்தால்தான் அடங்கும் என்று அழுதாள்.

உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி செய்து, அவர்களுடைய உடுப்பை உள்ளே வைத்து, ஜெபம் பண்ணி அடக்கம் செய்துவிடுவார்கள். நான் ரொம்ப நாள் மாட்டேன் என்றேன். எல்லோரும் சொல்லச் சொல்ல மனசு விட்டுப்போய்ச் சம்மதித்தேன். அவருடைய நீலச் சட்டையை நானே துவைத்து, இஸ்திரி போட்டு, என் கையாலேயே பெட்டியில் வைத்தேன்.

மத்தியானம் மூடியைப் போட வந்தார்கள். கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன் என்று கையை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டியது. பெட்டிப் பலகை மட்டும் காய்ந்து கிடந்தது. மழை இல்லை, யாரும் தண்ணீர் கொண்டுவரவும் இல்லை. விரலை நாக்கில் வைத்தேன். உப்பு.

பெண்கள் அலறிக்கொண்டு பின்னால் போனார்கள். அவரே வந்து படுத்துவிட்டார், சீக்கிரம் மூடுங்கள் என்று ஒருவர் சொன்னார். பொய் சொல்ல மாட்டேன், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் செத்துப்போன மனுசன் எதற்கு இன்னும் நனைய வேண்டும்? அந்த எண்ணத்தை எனக்குள் போட்டது ஆண்டவர்தான், எனக்குத் தெரியும். அடக்க ஜெபத்துக்கு வந்திருந்த பாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, மூடாதீங்க. அவுரு இன்னும் எங்கயோ உசுரோட போராடிக்கிட்டிருக்காரு. அடக்க ஜெபம் வேணாம், உசுருக்கு ஜெபம் பண்ணுங்க."

பாஸ்டர் முகமும் வெளிறித்தான் இருந்தது. அப்படியே முழங்கால் போட்டார். எழவுக்கு வந்த சனம் மொத்தமும் முழங்கால் போட்டது. சாயங்காலம் எழுந்து பார்த்தபோது சட்டை காய்ந்திருந்தது. வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் தெரிந்தது. அன்றோடு டீசல் வாசமும் நின்றது.

சில வாரம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது.

"ஸ்டெல்லா, சாப்ட்டியா?"

அடப்பாவி மனுசா, எங்கே போய்த் தொலைந்தாய் என்று திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன். ஒரு பலகையைப் பிடித்து மிதந்தவரை வெளிநாட்டுக் கப்பல் ஒன்று தூக்கியிருக்கிறது. எங்கேயோ தூரத்துத் துறைமுகத்தில் இறக்கினார்கள். சண்டைக்காலம், கையில் காகிதம் இல்லாத ஆள், பாஷையும் தெரியாது. விசாரிக்கும் வரை ஓர் அறையில் அடைத்துவைத்தார்கள். அங்கே காய்ச்சல் முற்றி, ஒரு மத்தியானம் மூச்சே இல்லையாம். தூக்கிப்போட வந்தவர்களில் ஒருவர் எதற்கும் பார்ப்போம் என்று ஒரு வாளி கடல் தண்ணீரை மேலே ஊற்றினாராம். கண் திறந்துவிட்டார். அது எந்த நாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர் ஊர் வந்ததும் முதலில் சிதம்பரத்துக்குப் போக வேண்டும் என்றார். அதே தோணியில் கூட வேலை பார்த்த முருகேசனின் மனைவி கலா அங்கே இருக்கிறாள். அவளும் தினம் கோயிலுக்குப் போய் அழுதவள்தான். அவள் வீட்டில் வைத்துத்தான் என்னிடமும் சொல்லாத விஷயத்தை இவர் சொன்னார். அந்தப் பலகையை முதலில் பிடித்தது முருகேசன். இரண்டு பேர் பிடித்தால் அமிழ்ந்தது. உனக்கு நீச்சல் போதாது, நீ பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு முருகேசன் கையை எடுத்துவிட்டார்.

என்னால் அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. கலா ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் எழுந்துபோய் இலை போட்டாள்.

"சாப்டுங்கண்ணே. அவுரு குடுத்த உசுரு, நல்லா வச்சுக்கங்க."

அதுவரை குடித்துக்கொண்டிருந்த மனுசன், அன்றிலிருந்து குடியைத் தொடவில்லை. மாதா மாதம் சிதம்பரம் போகிறோம். என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டார், சாகும்வரை சொல்வேன். முருகேசன் கையைக் கொண்டுதான் கேட்டார் என்பதையும் சேர்த்தே சொல்வேன். பிரியமானவர்களே, உங்கள் ஆள் எந்தத் தண்ணீரில் கிடந்தாலும் நம்பிக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது பக்கத்தில் மிதக்கிறவர் பேரையும் சொல்லுங்கள்.