நான்காவது தீக்குச்சி

போன வாரம் இங்கே புனே நிக்டியில் மூன்று நாள் விடாத மழை. அடுப்பு பற்றவைக்கும் லைட்டர் உயிரை விட்டுவிட்டது. வீட்டில் எங்கோ ஒரு தீப்பெட்டி இருக்க வேண்டுமே என்று தேடி, சாமி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தேன். நமத்துப்போயிருந்தது. உரசினால் தீ வரவில்லை. குச்சியின் தலை மட்டும் கூழாகி என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. ஈர மருந்தும் அட்டையும் கலந்த ஒரு வாடை வந்தது. அது மூக்கில் ஏறியதும் அடுப்பை மறந்துவிட்டேன். அறுபது தாண்டிய மனிதன், நமத்த தீக்குச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் வேர்த்து நிற்கிறேன்.

"என்ன, பேயக் கண்ட மாதிரி நிக்கீக? தள்ளுங்க" என்று என் மனைவி செல்வி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவளிடம் இதுவரை சொல்லாத கதை இது. உங்களிடம் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் அவளிடம் போய்ச் சொல்லப்போவதில்லை.

நான் புகை பிடிக்கப் பழகியது போபோடியில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து அங்கே ஒரு சந்தில் அறை எடுத்திருந்தேன். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் விட்டுவிடலாமா என்று யோசிக்கும் வயதில் நான் பழகினேன் பாருங்கள், எதிலும் நான் இப்படித்தான், ஒரு பஸ் பின்னால். டிசம்பர் குளிர் ஒரு சாக்கு. சந்து முனையில் ஒரு பான் டபரி இருந்தது. நாலு தகரமும் ஒரு பலகையும் சேர்ந்த பெட்டிக்கடை. அதன் ஓரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு நாள் முழுக்கக் கனன்றுகொண்டு தொங்கும். சிகரெட்டை வாயில் வைத்துக் குனிந்தால் போதும், கயிறு பற்றவைத்துவிடும். இதனால் எத்தனையோ வருஷம் புகைத்தும் நான் ஒரு தீப்பெட்டி வாங்கியதில்லை. கதைக்கு இது முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

வேலை, ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்த ஒரு கம்பெனியில். கல்குவாரிகளுக்கு வெடிமருந்து செய்கிறவர்கள். பெயர் வேண்டாம். நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஆபீஸ் வேலிக்கு இந்தப் பக்கம், மருந்து அறைகள் அந்தப் பக்கம், நடுவில் ஒரு கேட். அந்தப் பக்கம் போகிறவன் இரும்பு பட்டன் இல்லாத சட்டை போட வேண்டும், ஆணி இல்லாத செருப்பு மாட்ட வேண்டும், அறை வாசலில் பதித்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். எனக்கு உடம்பில் மின்சாரம் இருக்கிறது என்று கேட்டுச் செல்வி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

கேட்டில் காவலுக்குச் சாவந்த் காக்கா; மராட்டியில் காக்கா என்றால் சித்தப்பா. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் சோதனை போடுவதே தனி. காலர், அக்குள், இடுப்பு, கணுக்கால் என்று இரண்டு கையும் இறங்கும். மேனேஜரே வந்தாலும் கையைத் தூக்கு என்பார். தீப்பெட்டி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருந்த மரப்பெட்டிகளில் போட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். காக்காவுக்குச் சிகரெட் கிடையாது. உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துத் தேய்த்து, தட்டி, கீழுதட்டுக்குள் அடக்குவார். ஆனால் ஷ்ராவண் மாதம் பிறந்துவிட்டால் அதுவும் கிடையாது. மராட்டிக்காரர்கள் அந்த ஒரு மாதம் கறி, குடி என்று எதையாவது விடுவார்கள். காக்கா விடுவது புகையிலையை. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட விரதம் தவறியதில்லை என்பது அவருக்கு மெடல் மாதிரி.

இதற்குள் எனக்குக் கல்யாணமாகி, மகள் மீனா பிறந்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தித்தான் கூட்டிப்போவேன். ஒருநாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளிப்பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தாள். என்னம்மா என்றேன். "அப்பா, உங்க மேல வாஸ் யேதோ" என்றாள். அவளுக்கு நாற்றம் என்ற தமிழ் வார்த்தை தெரியாது. மராட்டியில் கேட்டதாலோ என்னவோ எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

அதற்கு முன்னும் விட்டுப் பார்த்திருக்கிறேன். பாதி பாதியாகக் குடிப்பது, டீக்கு அப்புறம் மட்டும் என்பது, பெயர் தெரியாத மட்டமான சிகரெட்டுக்கு மாறி வெறுப்பை வரவழைப்பது. கடைசியில் அந்த மட்டமான சிகரெட்டே பிடித்துப்போய்விட்டது. மீனா சொன்னதைக் காக்காவிடம் சொன்னேன். அவர் பேசிய மராட்டி இன்றும் என் காதில் இருக்கிறது, இங்கே நம் பாஷையில் தருகிறேன்.

"சாஹேப், ஆயுசுக்கும் விடுறேன்னு சொல்றவன் ஒருநாளும் விட மாட்டான். என்கூட ஷ்ராவண் பிடிங்க. ஒரே மாசம். ரெண்டு பேரும் சேர்ந்து."

ஷ்ராவணுக்கு முந்தைய அமாவாசையை அங்கே கட்டாரி என்பார்கள். விடப்போவதையெல்லாம் அன்றைக்கு வயிறு முட்ட முடித்துவிடுவது வழக்கம். நான் ஒரு பாக்கெட் முழுக்க ஊதித் தள்ளினேன். மறுநாள் காலை கேட்டில் காக்கா என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்து, தோளில் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவர் என் ஷ்ராவண் தோஸ்த். இவரை நான் சோதனை போட மாட்டேன்." அன்றிலிருந்து அவர் கை என் மேல் படவில்லை. ஒரு சலாம், அவ்வளவுதான்.

எட்டு நாள் தாங்கினேன். ஒன்பதாம் நாள் முடியவில்லை.

டபரிக்குப் போக முடியாது. செல்வி அங்கேதான் பக்கத்தில் பால் வாங்குவாள், கடைக்காரன் வாய் சும்மா இருக்காது. அதனால் பஸ்ஸிலிருந்து இறங்கி, தாபோடிப் பக்கம் பாலத்தைத் தாண்டிப் போய் ஒரே ஒரு சிகரெட் வாங்கி, ஆற்றங்கரையில் மறைந்து நின்று குடிப்பேன். அங்கே கயிறு ஏது? வாழ்க்கையில் முதல் தடவையாகத் தீப்பெட்டி வாங்கினேன். பெட்டியாக வைத்திருந்தால் சட்டைப்பையில் குலுங்கும். பக்கவாட்டுப் பட்டையைக் கிழித்து, நாலைந்து குச்சிகளோடு என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், அடியில் ஒட்டியிருந்த வெல்வெட் துணிக்குக் கீழே சொருகிவைத்தேன். ரொம்பச் சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

பகல் முழுக்கக் கூடு ஆபீஸ் மேஜை டிராயரில் கிடக்கும், வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் பையில் ஏறும். கண்ணாடி மூக்கில் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. வாரம் ஒருமுறை மருந்து அறைகளில் பெட்டிகளைச் சரிபார்க்க நான் உள்ளே போகும் நாள். கண்ணாடி நனையுமே என்று கழற்றிக் கூட்டில் போட்டு, பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். யோசிக்கவே இல்லை. காக்கா சலாம் வைத்தார். நானும் வைத்தேன்.

அறைக்குள் நான்கு பெண்கள் ரப்பர் பாய் மேல் உட்கார்ந்து மருந்தை உறைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வளையல்கூட இல்லாத கைகள். பேச்சே கிடையாது. பெட்டி எண்ணைப் படிக்கக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடியோடு வெல்வெட் துணியும் எழும்பி வந்தது. ஏதோ கீழே விழுந்தது. சத்தமே இல்லை.

குனிந்து பார்த்தேன். ஒரு தீக்குச்சி. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த ஷாந்தாபாயின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வது?  குச்சியின் மேல் காலை வைத்து மறைக்கலாம் என்று கால் எழும்பியது, உடனே அந்த யோசனையே உயிரை உலுக்கியது, தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கூட்டில் இன்னும் குச்சிகள் இருக்கின்றன, பட்டையும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு என் கையில் இருக்கின்றன. ஷாந்தாபாய் நிமிர்ந்தால் பார்த்துவிடுவாள். அவளுக்குக் கைக்குழந்தை ஒன்று உண்டு, கம்பெனி பஸ்ஸில் அதைப் பற்றித்தான் எப்போதும் பேசுவாள். பென்சிலை வேண்டுமென்றே நழுவவிட்டேன். குனிந்து பென்சிலையும் குச்சியையும் சேர்த்து எடுத்தேன். மூச்சு விடாமல் வெளியே வந்தேன்.

ஒவ்வொரு அறை வாசலிலும் சிவப்பு வாளியில் தண்ணீர் இருக்கும். கை கழுவுவதுபோல் எல்லாவற்றையும் உள்ளே அமிழ்த்திப் பிசைந்தேன். மருந்து கரைந்து விரலில் ஏறியது. அந்த வாடை அன்று மூக்கில் ஏறியதுதான். பிசைந்ததை மழை ஓடிய சாக்கடையில் விட்டேன். விடும்போது எண்ணினேன். மூன்று குச்சி.

மூன்றுதானா? ஐந்து வைத்தேனே. முந்தின நாள் காற்றில் ஒன்று அணைந்ததே, அப்போது இரண்டைக் கிழித்தேனா, ஒன்றைத்தானா? எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் ஒருமுறை மூன்று வந்தது, ஒருமுறை நாலு வந்தது.

இங்கேதான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறை வாசலுக்கும் எனக்கும் பத்துப் பதினைந்து அடி. திரும்பிப் போய், எல்லோரும் வெளியே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும், செல்விக்குத் தெரியும். பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. அந்த நான்கு பேரையும் உள்ளே விட்டுவிட்டு நான் கேட்டைப் பார்த்து நடந்தேன்.

காக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன சாஹேப், வெளுத்துப் போயிட்டீங்க? விட்டவனுக்கு ரெண்டாவது வாரம் இப்படித்தான் இருக்கும். எனக்கும் இருக்கு. இந்தாங்க" என்று சட்டைப்பையிலிருந்து இரண்டு கிராம்பு எடுத்துக் கொடுத்தார். வாங்கி மென்றேன். மலையடிவாரத்தில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று சாயங்காலம் வரை காதைத் தீட்டிக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு ஷாந்தாபாய் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. வீட்டில், காய்ச்சலா என்று செல்வி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் அறையைக் கூட்டியவள் ரப்பர் பாயின் ஓரத்தில் நான்காவது குச்சியைக் கண்டுபிடித்தாள்.

எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். பெண்களின் கூந்தலை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். ஷாந்தாபாய் வாய்விட்டு அழுதாள். பாதுகாப்பு அதிகாரி காக்காவிடம் கேட்டார், நேற்று யாரையாவது சோதனை போடாமல் விட்டாயா? காக்கா கழுத்துத் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டார். அங்கே அப்படித்தான் சத்தியம் செய்வார்கள். "ஒருத்தரையும் விடல. எல்லாரையும் கை வெச்சு சோதனை போட்டேன்." சொல்லும்போது அவர் கண் வரிசையில் வந்தது, என்மேல் ஒரு நொடி நின்றது, போய்விட்டது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குற்றவாளி கிடைக்கவில்லை. காக்காவைக் கேட்டிலிருந்து எடுத்து, வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போட்டார்கள். மூன்றாம் நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அங்கே போனேன். தகரக் கூரைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஷ்ராவண் முடியப் பாதி மாதம் இருந்தது. ஆனால் அவர் உள்ளங்கையில் சுண்ணாம்பு இருந்தது, கட்டைவிரல் தேய்த்துக்கொண்டிருந்தது.

"காக்கா, நான் போய் அதிகாரிகிட்ட சொல்லிடறேன்."

"வாயைத் திறக்காதீங்க. நீங்க சொன்னா என் சத்தியம் பொய்னு ஆயிடும். இப்போ ஸ்டாண்டாவது இருக்கு."

"விரதம்..." என்றேன், அவர் கையைப் பார்த்து.

"கழுத்தைப் பிடிச்சுப் பொய் சொல்லிட்டேன் சாஹேப். இனிமே இந்த வாய்க்கு என்ன விரதம்?" என்று தட்டி, உதட்டுக்குள் வைத்துக்கொண்டார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு இன்றுவரை நான் சிகரெட்டைத் தொடவில்லை. எப்படி விட்டீர்கள் என்று கேட்கிறவர்களிடம் செல்விதான் பதில் சொல்வாள்: "பிள்ள ஒரு வார்த்த சொல்லுச்சு, அந்தானைக்கு விட்டுட்டாக." நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காக்காவோ அதற்குப் பிறகு வந்த எந்த ஷ்ராவணையும் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று வருஷம் ஸ்டாண்டில் இருந்தார், நான் சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவேன். பிறகு ஓய்வு பெற்று சாதாரா பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

கம்பெனி இரண்டாயிரத்துக்கு அப்புறம் மூடப்பட்டது. மருந்து அறைகள் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள், பால்கனிகளில் துணி காய்கிறது. போபோடி டபரி போய்விட்டது, கனலும் கயிற்றை எங்கேயும் பார்ப்பதில்லை. மீனாவுக்கு ஹடப்சரில் ஐடி வேலை கிடைத்த புதிதில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது பஸ் நிறுத்தத்தில் ஷாந்தாபாய் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பக்கத்தில் நெடுநெடுவென்று ஒரு பையன், அந்தக் கைக்குழந்தைதான். சந்தோஷமாகப் பேசினாள். பழையவர்கள் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தவள், சாவந்த் காக்கா போய்ச் சேர்ந்துவிட்டார், தெரியுமா, கடைசியில் வாயில் சோறு வைக்க முடியாமல் ரொம்பக் கஷ்டப்பட்டார் என்றாள். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் பஸ் இல்லை அது, ஆனாலும் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.