மச்சான் என்னைத் தூக்கியது

மல்யுத்தம் என்றால் அப்போது எங்கள் ஊரில் ஒரு வீடியோ கொப்பிதான். ஏறாவூர் ஆள் ஒருவர் அரபு நாட்டில் வேலை செய்துவிட்டு வரும்போது கொண்டு வந்தது. எங்கள் ஊர்க் கடைக்காரர் சாமான் எடுக்கப் போன இடத்தில் இரவல் வாங்கி வந்தார். திரும்பக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கடைக்காரரிடம் ரீவி, டெக், ஒரு சின்ன ஜெனரேட்டர் மூன்றும் இருந்தன. நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவிக்கு மேற்கே எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் துறையில் ஆமி அளந்துதான் விடும். அதில் மிச்சம் பிடித்து சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்குப் போடுவார். பொழுதுபட முதல் எல்லாரும் வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம். கொப்பி ஓடி முடிய ஒன்றரை மணித்தியாலம். நேரம் காணும்.

சண்டைக்காரர்களின் பேர் எங்கள் வாயில் வராது. நாங்களே பேர் வைத்தோம். சீலைமூஞ்சி, மாட்டுக்கழுத்தன், கொண்டைக்காரன். கடைசிச் சண்டை கொண்டைக்காரனுக்கும் மாட்டுக்கழுத்தனுக்கும். மாட்டுக்கழுத்தன் மற்றவனைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி எறிவான். அதோடு சரி. விழுந்தவன் எழும்ப மாட்டான்.

மெய்யா பொய்யா என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாளே சேரி பிரிந்தார்கள்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் வடசேரி, பாதிப் பேர் தென்சேரி. கண்ணகை அம்மன் கோயில் கொம்புமுறிக்காக வந்த பிரிவு. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடு ஒன்று கொளுவி, இரண்டு பக்கமும் கயிறு போட்டு இழுப்பார்கள். கொம்பு முறிந்த சேரி தோற்றது. வென்ற சேரி தோற்றவர்களைப் பார்த்து வசை பாடும். கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், கோபிக்கக் கூடாது. ஒரே வீட்டில் புருஷன் ஒரு சேரி, பெண்சாதி மற்றச் சேரி என்று இருக்கும். பிரச்சினை தொடங்கியதில் இருந்து கொம்பு எடுக்கவில்லை. வருஷக்கணக்காய் ஒருவரையும் பாடாமல் ஊரின் வாய் ஊறிப்போய்க் கிடந்தது.

அதனால் மாட்டுக்கழுத்தன் தென்சேரியான் ஆனான். கொண்டைக்காரன் வடசேரி. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. எத்தனை தரம் போட்டாலும் கொண்டைக்காரன் தோற்பான். வடசேரி ஆக்கள் அடுத்த சனிக்கிழமையும் வருவார்கள்.

"இண்டைக்கு ஒழும்புவான், பாருங்க."

"போன கிழமையும் இதைத்தானே சொன்ன நீங்க."

"போன கிழமை அவனுக்குக் காய்ச்சல்."

நான் வடசேரி. என் பெண்சாதி வீட்டு ஆக்கள் தென்சேரி.

பெண்சாதியின் தம்பி, என் மச்சான், என்னோடு தோணியில் வருபவன். நான் முன்னுக்கு நின்று வலை வீசுவேன். அவன் பின்னுக்கு நின்று கம்பு ஊன்றுவான். ஒரு சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டு போனார்கள். நாலு மாதத்தில் விட்டார்கள். வந்தவனுக்கு வலக்கை தோளுக்கு மேலே போகவில்லை. இடக்கையால் ஊன்றப் பழகினான். தோணி வளைந்து வளைந்து போகும். போய்ச் சேரும்.

கொண்டு போக முதல் அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. பெண் எங்கள் ஊர்தான். தகப்பன் வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டையில் வெள்ளாமை செய்பவர். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. வருகிறவன் வேலைக்கு ஆவானா என்று பெண்ணின் தகப்பன் பார்ப்பார். அவர் ஏலாது என்று சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். ஒரு வருஷமாய்ப் பாப்பம். இதற்குள் கதிரவெளியில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான் என்று கதை வந்தது.

ஒரு நாள் தோணியில் மச்சான் சொன்னான்.

"அத்தான், அந்தக் கொப்பியில தூக்கிறவன் இல்ல பாடுபடுற."

"பின்ன?"

"தூக்குப்படுறவன். அவன்தான் எம்பிக் குடுக்கிறான். காலப் பாருங்க."

அந்தச் சனிக்கிழமை கால்களை மட்டும் பார்த்தேன். சரிதான். கொண்டைக்காரன் சின்னதாய் ஒரு எம்பு எம்பினான். மிச்சம் தானாக நடந்தது. இத்தனை நாளும் எல்லாரும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறோம்.

கொப்பி முடிந்த மறுகா மச்சான் சொன்னான். "நீங்க எம்பினா நான் உங்களத் தூக்குவன்."

"தூக்கி?"

"அவர் பாக்கட்டும்."

பெண்ணின் தகப்பனைத்தான் சொன்னான், கேட்கத் தேவை இல்லை. என்னைத் தூக்கினவனுக்குக் கையில் பழுது என்று ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நான் பாரமான ஆள்.

வாவிக்கரைச் சேற்றில் பழகினோம். அவன் இடத்தோள் என் வயிற்றுக்குக் கீழே வர வேண்டும். நான் அவன் முதுகில் கை ஊன்றி எம்ப வேண்டும். அவன் வலக்கை என்னைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். முதல் நாள் இரண்டு பேரும் சேற்றுக்குள். ஒரு நாள் என் பாரம் வலத்தோளுக்குப் போய்விட்டது. அவன் போய்த் தண்ணீருக்குள் இருந்தான்.

"விடுவமா?"

"எப்பன் பொறுங்க. இன்னொருக்கா."

இரண்டு கிழமையில் சரி வந்தது.

சித்திரை வருஷ விளையாட்டில் வைப்பதாக ஒழுங்கு. கடைக்காரர்தான் முன்னுக்கு நின்றார். ஆக்கள் கூடுவதென்றால் ஆமிக் காம்பில் கேட்க வேண்டும். தலையணைச் சண்டை, வழுக்கு மரம், மல்யுத்தம் என்று எழுதிக் கொண்டு போனார். அங்கே இருந்த பெரியவர் மூன்றாவதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுச் சிரித்தாராம். நாலு மணிக்குள் முடிக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

கோயில் வெளியில் நாலு கம்பு நட்டு வலைக்கயிறு சுற்றினோம். நடுவில் வைக்கோல் பரப்பி, மேலே நிவாரணத்துக்கு வந்த தறப்பாள். கொப்பியில் இருந்த மாதிரியே இருந்தது என்று சொன்னார்கள். அவ்வளவு இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் எல்லாம் யோசித்தோம். ஒன்றை யோசிக்கவில்லை. கயிற்றுக்குள் போய் நிமிர்ந்து பார்த்தால் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வடக்கே வடசேரி, தெற்கே தென்சேரி. ஒருவரும் சொல்லிப் பிரியவில்லை. மாதக்கணக்காய் ரீவிக்கு முன்னால் இதைத்தானே பார்த்தோம். இருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் புத்தியில் வரவில்லை. ரீவியில் ஒரே ஆள் தோற்றுத் தோற்று அலுத்துப்போன வடசேரி, இன்றைக்குத் தங்கள் ஆள் உயிரோடு வந்து நிற்கிறான் என்று என்னைப் பார்த்தது.

அவர்களுக்கு முன்னால் பெண்ணின் தகப்பன். கொம்பு இழுத்த அந்த நாளில் வடசேரிக் கயிற்றில் முதல் ஆளாய் நின்றவர் அவர். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, கொண்டைக்காரன்ட கடனத் தீத்திட்டு வா" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தான். பேசியபடியே என்று நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய.

கடைக்காரர் விசில் ஊதினார். கொஞ்ச நேரம் தள்ளுப்பட்டோம். நான் அவனை இரண்டு முறை விழுத்தினேன், அது பேசி வைத்ததுதான். வடக்குப் பக்கம் பறை அடிக்கத் தொடங்கியது. தெற்கில் என் பெண்சாதி நின்றாள். அவள் தம்பிக்குக் கத்துகிறாளா எனக்குக் கத்துகிறாளா என்று தெரியவில்லை.

"வடசேரியாரே, உங்கட ஆளுக்குச் சோறு போடுறது நாங்கதான்" என்று தெற்கில் ஒரு கிழவி சொன்னாள். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். வடசேரியும் சிரித்தது.

மறுகா மச்சான் குனிந்தான். தோள் வந்து சரியான இடத்தில் நின்றது. நான் எம்பினேன். மேலே போனேன். அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். ஊர், கோயில், வாவி, ஊர் என்று சுற்றியது. அவன் மூச்சு என் காதில் கேட்டது. எறிந்தான். நன்றாய் எறிந்தான். முதுகு அடிபட விழுந்தேன்.

கடைக்காரர் தறப்பாளில் கையால் அடித்து எண்ணத் தொடங்கினார்.

"ஒண்டு."

பெண்ணின் தகப்பன் கயிற்றுக்குக் கீழால் பாதி உள்ளே வந்துவிட்டார். என் முகத்துக்கு நேரே அவர் முகம்.

"ஒழும்பு. ஒழும்பு தம்பி. உனக்கு ஒண்டும் இல்ல. ஒழும்பு."

எழும்பினால் அவர் மனம் குளிரும். ஆனால் மச்சானுக்கு இன்னொரு தூக்கு இல்லை. வலக்கையை இடுப்பில் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். அவன் உதடு வெள்ளையாய் இருந்தது. யார் பார்க்க வேண்டும் என்று விழுந்தேனோ அவரே எழும்பு என்று கெஞ்சுகிறார்.

"ரெண்டு."

நான் கண்ணை மூடினேன்.

"மூண்டு."

தென்சேரி கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்தது. வருஷக்கணக்காய் அடக்கி வைத்திருந்த பாட்டு எல்லாம் வந்தது. ஒன்று இப்போதும் நினைவு இருக்கிறது.

வடசேரிக் கொம்பு வாழைத்தண்டு
தொட்ட உடனே ரெண்டு துண்டு

நாலு மணி என்று கடைக்காரர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். ஆட்கள் மச்சானைத் தோளில் தூக்கப் போனார்கள். அவன் கையைக் கொடுக்காமல் நழுவி வீட்டுக்குப் போய்விட்டான்.

வடசேரி கலைந்தது. போகும்போது என் சொந்த அண்ணன் சொன்னான், "பெண்சாதி வீட்டுக்குக் கொம்ப வித்திட்டான்." பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இது வேறு.

பெண்ணின் தகப்பன் சால்வையை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை துறையில் வலையில் இருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். மச்சான் வரவில்லை, தோளுக்குப் பத்துப் போட்டிருந்தது. பெண்ணின் தகப்பன் வந்தார். பக்கத்தில் குந்தினார். ஒரு நண்டைக் கழற்றித் தந்தார். மறுகா இன்னொன்று.

"நீ எம்பின" என்றார்.

நான் அடுத்த நண்டைக் கழற்றினேன்.

"முப்பது வருஷம் கயிறு பிடிச்சவன் நான். ஆர் இழுக்கிறான், ஆர் சும்மா தொட்டுக்கொண்டு நிக்கிறான் எண்டு காலப் பாத்துச் சொல்லுவன். பாரம் தூக்கிறவன்ட முழங்கால் முதல் மடங்கோணும். அவன்ட மடங்க முதல் உன்ட கால் தறப்பாள விட்டுட்டு."

"ஓம்."

"எந்தக் கை?"

"வலக்கை. தோளுக்கு மேல போகா."

"கம்பு?"

"இடக்கையால ஊன்றுவான்."

அவர் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்டு ஒன்று அவர் காலடியால் தண்ணீருக்குள் போனது. விட்டுவிட்டார்.

"விழுந்து கிடக்கக்குள்ள நான் ஒழும்பச் சொன்ன. கேட்டுதா?"

"கேட்டது மாமா."

"கேட்டும் கிடந்தாய்."

"ஓம்."

பிறகு வேறு ஏதோ கதைப்பது போலச் சொன்னார்.

"வட்டையில தண்ணி பாக்க எனக்கு ஆள் இல்ல. வரம்பு சுத்தோணும், வக்கடை திறந்து தண்ணி விட்டு அடைக்கோணும், காட்டுப் பண்டிக்குக் காவல் இரிக்கோணும். மம்பெட்டி பிடிக்க ஒரு கையும் ஒரு காலும் காணும். ஆனா போகம் முழுக்க அங்கதான் கிடக்கோணும். ஆத்துக்கு வரேலா."

எனக்கு விளங்கியது. பெண்ணைத் தருகிறார். மச்சானை எடுக்கிறார்.

"உனக்குத் தோணிக்கு ஆள்?"

"பாப்பம்" என்றேன்.

அந்தச் சொல்லுக்கு அவர் முதல் தரமாய்ச் சிரித்தார். எழும்பினார்.

"எம்பினதப் பறையாத. பறைஞ்சா அவன ஊர் பாடியே சாகடிச்சிப்போடும். நீ தோத்ததாவே இரி."

ஓம் என்றேன். இருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். மச்சானிடம் கேட்டேன், இனி எழுதினால் என்ன என்று. எழுதுங்க அத்தான், இப்ப ஆருக்கு நினைவு என்றான். நினைவு இருக்கிறது. அண்ணன் சாகும் வரைக்கும் என் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. பத்துப் பேர்தான். அடுத்த கிழமை மச்சான் மம்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெல்லாவெளிப் பக்கம் போனான். இடத்தோளில். போகும்போது துறைக்கு வந்து கம்பை எடுத்துத் தோணிக்குள் வைத்துவிட்டுப் போனான்.

தோணிக்கு ஆள் கிடைக்கவில்லை. வடசேரி ஆக்கள் வரமாட்டார்கள். தென்சேரி ஆக்களுக்கு அவரவர் தோணி. தனியே போனேன். முன்னுக்கு நின்று வலை வீசினால் பின்பக்கம் எழும்பி விடுகிறது. இரண்டு தரம் தண்ணீருக்குள் விழுந்தேன்.

உரப் பையில் மண் நிரப்பிப் பின்னுக்கு வைத்தேன். அவன் நின்ற இடத்தில். தோணி நேராய் நின்றது.

ஆமிச் சென்றியில் மறித்தார்கள்.

"என்ன மூட்டை?"

"மண்."

"ஆத்துக்கு ஏன் மண்?"

"பாரத்துக்கு."

நம்பவில்லை. கரையில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். காலால் கிளறிப் பார்த்தார்கள். மண்தான். போ என்றார்கள். திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன்.