சக்கரத்தைத் தட்டிப் பார்த்தவர்

திருத்தணி ஸ்டேஷனில் என் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் அந்த மனிதர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். மூன்று சக்கரத்தையும் தட்டினார், கண்ணாடியை ஆட்டினார், குனிந்து அடியில் பார்த்தார். ஒட்ட வெட்டிய முடி, பளபளக்கும் ஷூ. மஃப்டி போலீஸோ என்று எனக்குச் சந்தேகம்.

“இன்னா சார் அடியில பாத்துக்கினு கீறீங்க? வண்டி வெலைக்கு இல்ல.”

“பழக்கம்ப்பா. புதுசா செஞ்ச போர் விமானத்த முதல் தடவை ஓட்டிப் பார்க்கிற வேலை எனக்கு. சுத்திப் பார்க்காம எதுலயும் ஏற மாட்டேன்.”

மலைக்கு வருகிறவர்கள் அளக்கும் கதைகள் எனக்குப் புதிதல்ல. அதுவும் இவர் மலைப்பாதை வளைவுகளில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். போர் விமானம் ஓட்டுகிறவர் ஆட்டோவுக்குப் பயப்படுவாரா? மடக்கிப் பார்த்தேன்.

“மேல போனது ஒயுங்கா எறங்கும்னு எப்டி சார் தெரியும்?”

“தெரியாது. அதைத் தெரிஞ்சிக்கத்தான் என்னை அனுப்புறாங்க. அடுத்த வாரம் ஒண்ணு இருக்கு. நல்லபடியா இறங்கினா வந்து மொட்டை போடுறேன்னு வேண்டிக்க வந்தேன்.”

மேலே இறக்கிவிட்டு டீக்கடைக்குள் போனேன். திரும்பிப் பார்த்தால், யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் அவர் மறுபடியும் வண்டியைச் சுற்றி வந்து, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் முன்பக்கத்தைத் தட்டிவிட்டுப் போனார். கதை அளக்கிறவனுக்கு ஆளில்லாத இடத்தில் நடிப்பு எதற்கு?

இன்றும் அவரை நான் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு யார் வந்தாலும், ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வருகிறாரா என்று பார்க்கிறேன். எல்லாரும் நேராக ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள்.